பிக்கப்பில் பர்ன்அவுட்: ஒரு சக்கரம் மட்டும் சுற்றுகிறது, கேபினில் கருகல் வாடை

கன்னங்குறிச்சி பிக்கப்:
அண்ணன்களுக்கு வணக்கம். பொலேரோ பிக்கப் ஓட்டுகிறேன், டீசல், ஐந்து கியர். மாம்பழ சீசனில் மண்டி லோடு, மற்ற நாளில் ஏற்காட்டுக்கு மளிகை, சிமெண்ட், எது கிடைக்கிறதோ அது.

கூட்டாளி ஒருத்தனுக்குக் கல்யாணம். வீடியோவுக்காக வண்டியை நிறுத்திவைத்து டயரில் புகை கிளப்ப வேண்டும் என்று எல்லோரும் பிடிவாதமாக இருக்கிறார்கள். அயோத்தியாப்பட்டணம் பக்கம் தெரிந்தவர் போட்ட லேஅவுட்டில் சிமெண்ட் ரோடு காலியாகக் கிடக்கிறது, அவரும் சரி என்றுவிட்டார். மச்சான் ஓட்டினான், நான் கீழே நின்று வீடியோ எடுத்தேன். ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு, முதல் கியரில் ரேஸ் ஏற்றி, கிளட்சை டப்பென்று விட்டான். இன்ஜின் அணைந்துவிட்டது. அடுத்து ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிட்டு, கால் பிரேக்கை மிதித்துக்கொண்டு ஹாஃப் கிளட்சில் ரேஸ் கொடுத்தான். வலது பின் சக்கரம் சுற்றியது. இடது சக்கரம் பிள்ளையார் மாதிரி அப்படியே உட்கார்ந்திருந்தது. பின்பக்கம் டங் டங்கென்று குதித்தது. டயரில் பேருக்குத்தான் புகை. ஆனால் கேபினுக்குள் உட்கார முடியாத அளவுக்கு வாடை என்று மச்சான் இறங்கிவிட்டான்.

முதல் கியரா, இரண்டாவதா? ஹேண்ட்பிரேக் வேண்டுமா, வேண்டாமா? ஏன் ஒரு சக்கரம் மட்டும்? பின்னால் மணல் மூட்டை ஏற்றினால் இரண்டும் சுற்றுமா?

வெட்டிப்பேச்சு:
வண்டிக் கடன் டியூ முடிந்துவிட்டதா தம்பி? முடியவில்லை என்றால் இதே கேள்வியை ஃபைனான்ஸ்காரரிடம் போய்க் கேளுங்கள். நல்ல பதில் கிடைக்கும்.

சங்ககிரி ஸ்பேனர்:
தம்பி, கேபினில் வந்தது டயர் வாடை இல்லை. டயர் கருகினால் கீழே நின்று வீடியோ எடுத்த உங்கள் மூக்குக்குத்தான் முதலில் வந்திருக்கும். ஓட்டுகிறவனை இறங்க வைத்தது என்றால் அது கிளட்ச் பிளேட். உங்கள் மச்சான் பர்ன்அவுட் செய்தான்தான், ஆனால் கிளட்சை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்குக்குள்ளே.

ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின் சக்கரத்தை. சுற்ற வேண்டியதும் அதே பின் சக்கரம். அப்புறம் இன்ஜின் அணையாமல் என்ன செய்யும்? முன் சக்கரத்தை மட்டும் பிடித்து நிறுத்திவிட்டுப் பின் சக்கரத்தைச் சுற்றவிடுவதுதான் இந்த வித்தை. டிராக் ரேஸ் கார்களில் இதற்கென்றே லைன் லாக் என்று ஒரு வால்வு உண்டு. பிரேக்கை மிதித்து ஸ்விட்சைப் போட்டால் முன் பிரேக் லைனில் மட்டும் பிரஷர் அடைபட்டு நிற்கும், காலை எடுத்துவிடலாம். அவர்கள் புகைக்காகச் செய்வதும் இல்லை. தரையை நனைத்து அதில் டயரைச் சுற்றிவிட்டுச் சூடேற்றினால் மேல் தூசி போய், ரப்பர் பிசுபிசுத்து, கிளம்பும்போது ரோட்டை நன்றாகப் பிடிக்கும். நம் லோடு டயர் ரப்பருக்கு அந்தக் குணம் கிடையாது. தேயும், அவ்வளவுதான்.

லைன் லாக் இல்லாத கியர் வண்டியில் செய்கிறவர்கள், ரேஸை ஏற்றிக் கிளட்சை ஒரேயடியாக விடுவார்கள். சக்கரம் வழுக்க ஆரம்பித்த அந்த நொடியில் இடது கால் கிளட்சிலிருந்து பிரேக்குக்கு மாறிவிடும். அதுவும் முன்பக்கம் மட்டும் நிற்கிற அளவுக்கு இலேசான மிதி. அழுத்தினால் பின் டிரம்மும் பிடித்துக்கொள்ளும். பாதிக் கிளட்சுக்கு அங்கே வேலையே இல்லை. இன்ஜினுக்கும் ரோட்டுக்கும் நடுவில் உராய்கிற இடம் இரண்டு: ஒன்று கிளட்ச் பிளேட், இன்னொன்று டயர். எது முதலில் வழுக்குகிறதோ அதன் மேல்தான் சூடு முழுக்க இறங்கும். ஹாஃப் கிளட்ச் பிடிப்பது என்றால், டயரை விட்டுவிடு, என்னை எரித்துக்கொள் என்று பிளேட் சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள்.

மணல் மூட்டையும் அதே கதை. பாரம் ஏறினால் டயர் இன்னும் நன்றாகப் பிடிக்கும், வழுக்குவது பிளேட்டாகிவிடும். கியரும் அப்படித்தான். முதல் கியர் லோடு இழுக்கப் போட்டது. டீசல் இன்ஜின் அதிகம் சுற்றாது, அதனால் சக்கரத்துக்கும் வேகம் வராது, புகையும் வராது. இரண்டாவது போட்டால் சக்கர வேகம் ஏறும், ஆனால் இழுவை கிட்டத்தட்ட பாதியாகிவிடும். டயரை வழுக்கவைக்கத் தெம்பு இருக்காது, மறுபடியும் பிளேட்தான் சாப்பாடு. இந்த வண்டி இதற்குப் பிறந்தது இல்லை தம்பி.

ஒரு சக்கரம் மட்டும் சுற்றுவது ரிப்பேர் இல்லை. பின் ஆக்சில் நடுவில் இழுவையை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துவிடுகிற பல்சக்கரப் பெட்டிதான் டிஃபரன்ஷியல். அது இரண்டு பக்கமும் ஒரே இழுவையைத்தான் கொடுக்கும், அதுவும் பிடிப்பு குறைந்த பக்கம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு. ஒரு பக்கம் வழுக்கிவிட்டால் இன்னொரு பக்கத்துக்கு அதற்கு மேல் எதுவும் போகாது. கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட், ஆக்சில் ஹவுசிங்கை முறுக்கும்போது வலது பக்கம் இலேசாக எழும்பப் பார்க்கும், அதனால் பெரும்பாலும் வலதுதான் சுற்றும். உங்கள் வீடியோவிலும் அதுதான்.

எனக்குக் கவலை அங்கேதான். ஒரு சக்கரம் நின்று மற்றது சுற்றினால், சுற்றுகிற சக்கரம் டிஃபரன்ஷியலின் பெரிய பல்சக்கரமான கிரவுன் வீலைப் போல் இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். ஸ்பீடோமீட்டரில் இருபது காட்டினால் அந்தச் சக்கரம் நாற்பதில் ஓடுகிறது. உள்ளே கிராஸ் பின் என்கிற கம்பியில் மாட்டியிருக்கும் சின்னப் பல்சக்கரங்கள், அதாவது பினியன்கள், வண்டி வளைவில் திரும்பும்போது கொஞ்சம் கொஞ்சமாகச் சுற்றத்தான் செய்தவை. அவற்றை முழு வேகத்தில் பம்பரமாக விட்டால் கிராஸ் பின்னுக்கும் பினியனுக்கும் நடுவில் ஆயில் நிற்காது, உரசிப் பிடித்துக்கொள்ளும். அப்படிப் பிடித்த கிராஸ் பின்னைக் கழற்றிப் பார்த்திருக்கிறேன். பினியன் உட்காரும் இடத்தில் ஒரு பக்கம் மட்டும் குழிந்து, நீலம் பாய்ந்து, நகத்தால் தடவினாலே படி தெரியும்.

டங் டங்கென்று குதித்தது ஸ்பிரிங் பட்டை. லீஃப் ஸ்பிரிங் வண்டியில் ஆக்சில் முறுக்கும்போது பட்டை நெளியும், டயர் வழுக்கியதும் சட்டென்று நிமிரும், மறுபடி பிடிக்கும், மறுபடி நெளியும். காலி வண்டியில் இது இன்னும் மோசம். ஒவ்வொரு டங்கும் ஷாஃப்ட் மூட்டில் இருக்கும் யுஜே கிராஸுக்கும் கிரவுன் பல்லுக்கும் விழுகிற சுத்தியல் அடி. அப்புறம் ஒன்று, பின் டயர் ரீட்ரேடா?

இருபதாம் வளைவு:
நான் தினமும் அடிவாரத்திலிருந்து ஏற்காடு ஒண்டிக்கடைக்கு லோடு ஏற்றுகிறவன். கருகின பிளேட் சமவெளியில் ஒன்றும் காட்டிக்கொள்ளாது. கொண்டை ஊசியில் எதிரே பஸ் வந்து, லோடோடு நிறுத்தி, மறுபடி எடுக்கும்போது இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி பின்னால் நகரும். பின்னாடி டூரிஸ்ட் கார்கள் ஒட்டி நிற்கும். இறங்கும்போது இன்னொரு வம்பு: கிளட்ச் ரொம்ப வழுக்கினால் இரண்டாம் கியரில் இன்ஜின் பிடித்து நிறுத்துவதும் குறையும், எல்லாம் பிரேக் மேலேயே விழும். இந்த ரோட்டில் இருபது வளைவு இருக்கிறது, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த லேஅவுட் விஷயமும் பாருங்கள். டிடிசிபி, அதாவது நகர ஊரமைப்புத் துறை, அப்ரூவ்டு என்றால் ரோட்டை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிக் கொடுத்திருப்பார்கள். அப்புறம் அது பொது இடம், மனை போட்டவர் சரி என்று சொல்வதில் அர்த்தம் இல்லை. மோட்டார் வாகனச் சட்டம் 184-வது பிரிவில் ஆபத்தாக ஓட்டினால் முதல் தடவைக்கே ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வீடியோவை நீங்களே எடுத்து நீங்களே போடப்போகிறீர்கள், சாட்சி தேட வேண்டிய வேலைகூட இல்லை.

கன்னங்குறிச்சி பிக்கப்:
ஆமாம் ஸ்பேனர் அண்ணா, பின்னால் இரண்டும் ரீட்ரேட்தான். இப்போது வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது, வாடையும் இல்லை. பிளேட் போய்விட்டதா என்று கழற்றாமல் தெரிந்துகொள்ள வழி இருக்கிறதா? வியாழக்கிழமை சிமெண்ட் லோடு மலைக்குப் போக வேண்டும்.

சங்ககிரி ஸ்பேனர்:
ரீட்ரேடா! நல்லவேளை, டயரில் புகை வராமல் போனது. பழைய டயர் மேல் புது ரப்பர் பட்டையைக் கம் ரப்பர் வைத்து வேகவைத்து ஒட்டியிருப்பார்கள். அந்த ஒட்டு சூட்டில் விட்டால் பட்டை உரிந்து சுழன்று அடிக்கும். மட்கார்டும் போகும், பிரேக் ஹோஸும் போகும், கீழே நிற்கிற கேமராக்காரனும் போவான்.

சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். முன்னால் ஆள் நிற்கக் கூடாது. மூன்றாவது கியர் போட்டு, இலேசாக ரேஸ் வைத்துக் கிளட்சை விடுங்கள். உடனே அணைந்தால் பிளேட் பிடிக்கிறது. முக்கி முனகி அணைந்தால் சந்தேகம். அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் மலைக்கு வேண்டாம். ஒரு தடவைக்கு மேல் செய்யாதீர்கள், அந்தச் சோதனையே பிளேட்டைத் தேய்க்கும்.

வெட்டிப்பேச்சு:
புகைதானே வேண்டும்? மாப்பிள்ளை மேடை ஏறும்போது மண்டபத்தில் ஒரு மெஷினை வைத்து முழங்கால் வரைக்கும் விடுகிறார்களே, அதை வாடகைக்கு எடுத்து வண்டிக்கு அடியில் வையுங்கள். வாடையும் வராது, டியூவும் நிற்காது.

கன்னங்குறிச்சி பிக்கப்:
இப்போதுதான் செய்து பார்த்தேன். கொஞ்சம் முனகிவிட்டு அணைந்தது. மெஷின் யோசனையை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன், திட்டுகிறார்கள், ஆனால் மாப்பிள்ளைக்குப் பிடித்திருக்கிறது.

சங்ககிரி ஸ்பேனர்:
அப்படியென்றால் வியாழக்கிழமை லோடை வேறு வண்டிக்கு மாற்றிவிடுங்கள். கியர்பாக்ஸை இறக்கிப் பார்க்க ஒரு நாள் ஆகும். பிளேட் உரசுகிற ஃபிளைவீலில் நீலத் திட்டும் மயிரிழை வெடிப்பும் இருந்தால் லேத்தில் கொடுத்து முகம் பிடித்துச் சமமாக்கலாமா, மாற்ற வேண்டுமா என்று அங்கேயே கேளுங்கள். புதுப் பிளேட்டைக் கெட்டுப்போன முகத்தில் போட்டு மூடிவிடச் சொல்லாதீர்கள். வண்டி நிற்கும்போதே ஸ்பிரிங் பட்டையை ஆக்சிலோடு கட்டும் யு-போல்ட்டை டைட் வைத்து, ஷாஃப்டைக் கையால் திருகி கிராஸில் ஆட்டம் இருக்கிறதா பாருங்கள். டிஃபரன்ஷியல் ஆயிலையும் வடித்துவிடுங்கள். டிரெய்ன் பிளக்கில் காந்தம் இருந்தால் துடைக்காமல் வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் நிறச் சேறு ஒட்டியிருந்தால் அது வழக்கம்தான், ஆயில் ஊற்றி மூடிவிடலாம். பளபளவென்று செதில் இருந்தால் ஹவுசிங்கைத் திறக்க வேண்டும். போட்டோ எடுத்து இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.