ஜோரான் (தூண்டில் கோல்) கட்டும் நூல்: ஏ-யா, டி-யா?

ஜெலுத்தோங்
தோமான் மீனுக்கு 8–17 பவுண்டு நரம்புக்கான பிளாங்க் (கைடு மாட்டாத வெறும் கோல்), நரம்பு ஓடுற வளையமான கைடு எல்லாம் ஒற்றைக்கால்; அதை நூல் சுத்திக் கட்டணும். கடையில டி நூலைத்தான் எடுத்துக் குடுக்குறாங்க, தடிச்ச நூல்னா கெட்டியாம். கட்டிப் பழகினவங்க சொல்லுங்கண்ணே, மெல்லிசான ஏ தாங்குமா?

செந்தூல்
தாராளமா தாங்கும் தம்பி. கைடைப் பிடிச்சு வைக்கிறது நூல் மட்டும் இல்ல, அதுக்குள்ள ஊறி இறுகுற எபோக்சிப் பசையும்தான். டி நூல் படகு ஜோரானுக்கு, பெரிய இரட்டைக்கால் கைடுக்கு. அங்க உரசலும் அதிகம், சுத்த வேண்டிய நீளமும் அதிகம்; தடிச்ச நூல்னா வேலை சீக்கிரம் முடியும்.

நூல் ரீல்ல ஒட்டியிருக்கிற எழுத்தை மட்டும் நம்பாதீங்க. பிளாங்க்ல 1 செ.மீ. குறிச்சு, இடைவெளி விடாம சுத்தி எண்ணிப் பாருங்க. ஏ சுமார் 60 சுற்று வரும், டி சுமார் 40. 10-ஐ அந்த எண்ணால வகுத்தா தடிமன் மி.மீ.-ல கிடைக்கும்: ஏ 0.17, டி 0.25 பக்கம். கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். அதனால ஒரே ஜோரானுக்குப் பாதியில வேற பிராண்டு ஏ வாங்கிப் போட்டா கண்ணுக்கே வித்தியாசம் தெரியும்.

பாயான் லெப்பாஸ்
தடிமனைவிடக் கைடு காலின் நுனியைப் பாருங்க. சில கைடு நுனி மொத்தையா வரும். நூல் பிளாங்க்ல இருந்து கால் மேல ஏறுற இடத்துல அது படிக்கட்டு மாதிரி நின்னா, அங்க சுற்று விலகி இடைவெளி விழும். சின்ன அரத்தால நுனியைக் காகிதத் தடிமனுக்குச் சரிவா தேய்ங்க, அடிப்பக்கப் பிசிரையும் எடுத்துடுங்க. நகத்தை ஓட்டினா எங்கயும் தட்டக் கூடாது. பிசிரோட இறுக்கிக் கட்டினா, மீன் இழுக்கும்போது கிராஃபைட் அந்த இடத்துலதான் முறியும்.

நூலை ரொம்ப இறுக்கியும் சுத்தக் கூடாது. கட்டி முடிச்ச பிறகும் கட்டைவிரலால தள்ளினா கைடு லேசா நகரணும், இல்லன்னா வரிசை பார்த்து நேராக்க முடியாது. ஒற்றைக்காலுக்குக் கடைசி சில சுற்றைக் கைடு தண்டின் முன்பக்கமா கொண்டு வந்து பூட்டுங்க; ஃபோர்ஹான் சுற்றுன்னு சொல்வாங்க. அது இல்லன்னா கைடு கட்டுக்குள்ள இருந்து வழுக்கி வெளிய வரலாம். ஏ நூல்ல இந்தப் பூட்டு தெரியவே தெரியாது, டி-யில மேடு தட்டும்.

பிரிக்பீல்ட்ஸ்
டி நூல்ல பாதிப் பேர் மாட்டுறது எபோக்சியிலதான். கைடு காலின் ரெண்டு பக்கமும் நூலுக்கும் பிளாங்க்குக்கும் நடுவுல குகை மாதிரி ஒரு சந்து இருக்கும். முதல் பூச்சையே தடிப்பா போட்டா உள்ள காத்து மாட்டிக்கும், பிறகு குமிழா மேல வரும். முதல் பூச்சு ரொம்ப மெல்லிசா, நூல் குடிக்கிற அளவுக்கு மட்டும். ஏ-க்கு ரெண்டு பூச்சு போதும், டி-யின் பள்ளம் நிரம்ப மூணு ஆகும்.

எபோக்சியோட ரெண்டு பாகத்தையும் தலா 3 மி.லி.க்குக் குறைச்சுக் கலக்காதீங்க. அளவு துளி தப்பினாலும் பிசுபிசுன்னே நிக்கும். கருப்பு ரப்பர் வெச்ச மருந்துக்கடை ஊசிக்குழல்ல சிலிகான் எண்ணெய் இருக்கும், அது பட்ட இடத்துல எபோக்சி விலகிக் குழி விழும். கலக்கினதைக் கப்பிலயே விடாம அலுமினியத் தாள்ல பரப்புங்க. நம்ம ஊர் சூட்டுக்குக் கப்புல தானா சூடேறிச் சீக்கிரம் இறுகும். மழை நாள்ல ஏர்கோன் அறையில செய்யுங்க, ஈரக்காத்து பட்டா மேல எண்ணெய்ப் படலம் மாதிரி மங்கிடும்.

ஜெலுத்தோங்
நன்றிண்ணே, ஏ-யே எடுத்துக்கிறேன். வெள்ளை நூல் கறுப்பு பிளாங்க்ல நல்லா இருக்குமா?

செந்தூல்
சாதா நைலான் வெள்ளைன்னா எபோக்சி பட்டதும் கண்ணாடி மாதிரி ஆகி, கைடு காலே வெளிய தெரியும். என்.சி.பி. (நிறம் காக்குற திரவம் தேவைப்படாத) நூல் வாங்குங்க, நிறம் அப்படியே நிக்கும். சாதா நூலுக்கு நிறம் காக்குற திரவம் பூசலாம், ஆனா அதை நூல் குடிச்சுட்டா எபோக்சி உள்ள இறங்காது, பிடிப்பு குறையும். தோமான் ஜோரானுக்கு அது வேணாம்.