விஓ2 மேக்ஸ் சோதனையில் ஆக்சிஜன் அளவு நகர்கிறது, உதவி தேவை

உடல் அதிகபட்சம் எவ்வளவு ஆக்சிஜனை நுகரும் (விஓ2 மேக்ஸ்) என்று அளக்க, உடற்பயிற்சி உடலியங்கியல் முதுகலை ஆய்வுக்காகச் செய்யும் டிரெட்மில் சோதனைகள் இவை, மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சாய்வும் கூடும் புரூஸ் முறை. காலையில் 3 லிட்டர் சிரிஞ்சாலும் 16% ஆக்சிஜன், 4% கார்பன் டை ஆக்சைடு சிலிண்டராலும் கேலிபிரேட் செய்தால் மூச்சுக்காற்றை அளக்கும் கருவி சரியாக நிற்கிறது. மூன்று பேர் ஓடி முடித்ததும் அதே சிலிண்டருக்கு ஆக்சிஜன் 16.25% காட்டுகிறது. சின்ன வித்தியாசம் என்று விட முடியாது. உள்ளே போவது 20.93%, வெளியே வருவது 16% என்றால் இடைவெளி ஐந்துகூட இல்லை. அதில் 0.25 போனால் ஆக்சிஜன் நுகர்வு சுமார் 5-6% குறைவாகக் காட்டும், ஆர்இஆர் (வெளிவிடும் கார்பன் டை ஆக்சைடுக்கும் நுகரும் ஆக்சிஜனுக்கும் உள்ள விகிதம்) உச்சத்துக்கான அளவுகோலான 1.10-ஐப் பொய்யாகத் தாண்டலாம், உச்சத்தைத் தொடாதவரும் தொட்டதாகப் பதிவாவார்.

மாஸ்க் கசிவு அல்ல. கசிந்தால் இரண்டு வாயுவும் சேர்ந்தே குறையும், ஆர்இஆர் அசையாது. மூச்சுக்காற்றைக் கருவிக்குக் கொண்டுபோகும் சாம்பிள் குழாய்க்குள் நீர்த்துளி முத்து முத்தாக நிற்கிறது. ஆனால் ஈரம் ஆக்சிஜனைக் குறைத்தல்லவா காட்ட வேண்டும்? அப்படியானால் சென்சாரா? எப்படி உறுதி செய்வது? எடுத்த அளவுகளைத் திருத்தலாமா, ஒதுக்கத்தான் வேண்டுமா?