டாய் சி தொடங்கியதும் முழங்கால் வலி கூடிவிட்டது, நிறுத்த வேண்டுமா?

கேள்வி (மலர்விழி): அம்மாவுக்கு 61 வயது, இரண்டு முழங்காலிலும் மூட்டுத் தேய்மானம். டாக்டர் சம்மதித்த பிறகு, வீடியோ பார்த்து, டாய் சி என்ற மெதுவான சீன உடற்பயிற்சியில் யாங் பாணியின் 24 அசைவுகளைத் தினமும் அரை மணி நேரம் செய்கிறார். இப்போது முழங்காலின் உள்பக்கம் வலிக்கிறது. வீக்கம் இல்லை. விட்டுவிடலாமா?

செந்தில்_பயிற்சி: விட வேண்டாம். அவர் திரும்பும் விதத்தைக் கவனியுங்கள். உடல் எடை முழுவதும் ஒரு காலில் இருக்கும்போதே அந்தப் பாதத்தைத் திருப்பினால், பாதம் தரையில் ஒட்டிக்கொள்ளும், முறுக்கம் முழங்காலுக்குப் போகும். முதலில் எடையை மற்றக் காலுக்கு மாற்றட்டும். காலியான காலின் முன்பாதத்தை லேசாகத் தூக்கி, குதிகாலை ஊன்றி, இடுப்போடு சேர்த்துத் திருப்பட்டும். பாதம் படிந்த பிறகுதான் எடை திரும்பி வரலாம். முழங்கால் எப்போதும் இரண்டாவது கால்விரலின் திசையிலேயே இருக்கட்டும், உள்ளே சாயக் கூடாது.

வீடியோவில் இருப்பவர் அளவுக்குத் தாழ்ந்து நிற்பதும் வேண்டாம். முழங்கால் சற்றே மடங்கினால் போதும். மெத்தென்ற பாயில் பாதம் சரியாகத் திரும்பாது, சாக்ஸ் போட்டால் டைல்ஸில் வழுக்கும். தட்டையான அடிப்பாகமுள்ள, லேசான காலணி நல்லது.

வெண்ணிலா: செந்தில் சார் சொன்னதோடு, பாணியையும் மாற்றிப் பாருங்கள். சுன் லூதாங் உருவாக்கிய சுன் பாணியில் நிமிர்ந்தே நிற்பார்கள். ஒரு கால் முன்னே போனால் மற்றதும் கூடவே போகும், அதனால் காலை அகட்டி நிற்க வேண்டியதில்லை. ஆஸ்திரேலிய மருத்துவர் பால் லாம் 1997இல் மூட்டுவலிக்காரர்களுக்காக வகுத்த பயிற்சிக்கு இதுவே அடிப்படை.

ஒரு வார வலியை வைத்து முடிவு கட்டாதீர்கள். 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், முழங்கால் தேய்மானம் உள்ள 204 பேரில் ஒரு பிரிவினர் 12 வாரம், வாரம் இருமுறை டாய் சி செய்தார்கள். அவர்களுக்குக் கிடைத்த பலன் பிசியோதெரபி செய்தவர்களுக்குக் கிடைத்ததற்குச் சமமாகவே இருந்தது.

பிசியோ_கதிர்: அரை மணி நேரம் ஆரம்பத்திலேயே அதிகம். வலி பழைய அளவுக்குத் தணியும்வரை இரண்டு மூன்று நாள் ஓய்வு, பிறகு பத்து நிமிடம், ஒருநாள் விட்டு ஒருநாள். செய்யும்போது லேசான வலி வந்தால் பயமில்லை. மறுநாள் காலையிலும் வழக்கத்தைவிடக் கூடுதலாக வலித்தால் அளவைப் பாதியாக்குங்கள். மூட்டு வீங்கினாலோ சூடானாலோ, நடுவில் சிக்கிக்கொண்டாலோ, கால் திடீரென மடங்கினாலோ டாக்டரிடம் போய்விடுங்கள்.

மலர்விழி: வலிக்கிற நாளில் நாற்காலியில் உட்கார்ந்து செய்யலாமா?

பிசியோ_கதிர்: தாராளமாக. கையில்லாத நாற்காலியில் முதுகு சாயாமல், பாதம் இரண்டும் தரையில் படிய உட்காரட்டும். ஆனால் அதையே வழக்கமாக்கினால் தொடைத் தசைக்குப் போதிய வேலை கிடைக்காது. வலி குறைந்ததும் நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி, நின்று எடை மாற்றும் பயிற்சியிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.