எர்ஸ்ட்வைல் என்பது மரியாதைச் சொல்லா? பத்திரத்தில் தாத்தா பெயருக்கு முன்னால் வந்திருக்கிறது

செங்கோட்டைக்காரி:

எல்லாருக்கும் வணக்கம். ஆரியங்காவுப் பக்கம் எங்கள் தாத்தா பெயரில் ஐம்பது சென்ட் நிலம் இருக்கிறது. 1956 நவம்பர் 1-ல் செங்கோட்டை தாலுகா இரண்டாகப் பிரிந்தபோது வீடு மதராஸ் மாநிலத்திலும் நிலம் கேரளத்திலும் ஆகிவிட்டது. இப்போது அதை என் பெயருக்கும் தம்பி பெயருக்கும் மாற்ற புனலூரில் ஒரு வக்கீலிடம் கொடுத்திருக்கிறோம். அவருக்குத் தமிழ் எழுத வராது, எங்களுக்கு மலையாளம் வாசிக்க வராது. அதனால் டிராஃப்ட் ஆங்கிலத்தில் வந்திருக்கிறது.

அதில் ஒரு சொல் இரண்டு இடத்தில் இருக்கிறது. ஈ, ஆர், எஸ், டி, அப்புறம் வைல். ஓர் இடத்தில் 'எர்ஸ்ட்வைல் டிராவன்கூர் ஸ்டேட்'. இன்னோர் இடத்தில் தாத்தா பெயருக்கு முன்னால் 'எர்ஸ்ட்வைல் ஓனர்'.

நான் இத்தனை நாளாக இதை 'மதிப்பிற்குரிய' என்றுதான் நினைத்திருந்தேன். பள்ளி ஆண்டு விழாவில் வயதான ஒருவரை மேடைக்கு அழைக்கும்போது 'அவர் எர்ஸ்ட்வைல் ஹெட்மாஸ்டர்' என்றார்கள். எல்லாரும் எழுந்து நின்றார்கள். அது பெரிய மரியாதை என்று மனதில் பதிந்துவிட்டது. போன வருடம் என் மகள் படிக்கும் பள்ளியின் தலைமையாசிரியைக்கு வாழ்த்து அட்டை கொடுத்தபோது நானே அந்தச் சொல்லைப் போட்டு எழுதினேன். அவர் வாசித்தார், இரண்டாக மடித்தார், மேசை டிராயருக்குள் வைத்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஏன் என்று இப்போதுதான் புரிகிறது, ஏனென்றால் பையன் போனில் பார்த்து 'முன்னாள்' என்கிறான்.

அப்படியென்றால் தாத்தா 'முன்னாள் உரிமையாளரா'? அவர் நிலத்தை விற்கவே இல்லை. 1987-ல் கண் மூடும்வரை அவர் பெயரில்தான் வரி கட்டினார், ரசீதெல்லாம் ஆச்சியின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது. இதில் கையெழுத்துப் போடலாமா?

புளியரை:

பயப்படாதீர்கள் அக்கா. முன்னாள் என்றுதான் அர்த்தம். திருவிதாங்கூர் இப்போது இல்லை, தாத்தாவும் இல்லை. இரண்டு இடத்திலும் சரியாகத்தான் போட்டிருக்கிறார்.

பீர்மேடு வாத்தியார்:

புளியரைத் தம்பி சொன்னதில் முதல் பாதி சரி. இரண்டாவது பாதியில் கொஞ்சம் நிற்க வேண்டும். கையெழுத்துக்கு அவசரப்படாதீர்கள் அம்மா.

நான் பீர்மேட்டில் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு 28 வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன். உங்கள் ஊரும் எங்கள் ஊரும் ஒரே திருவிதாங்கூரில் இருந்தவை. நீங்கள் அந்தப் பக்கம் போனீர்கள், நாங்கள் இங்கேயே இருந்துவிட்டோம். அதனால் இந்தச் சொல்லை நான் வகுப்பில் அடிக்கடி எடுத்திருக்கிறேன்.

'எர்ஸ்ட்' என்பது பழைய ஆங்கிலச் சொல். 'முதலில்', 'முன்னே' என்று பொருள். 'வைல்' என்றால் காலம். நம் 'முன்னாள்' போலவே கட்டியிருக்கிறார்கள்: முன், நாள். ஆக, அதில் மரியாதையும் இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை. ஒரு பெயரோ பதவியோ நிலையோ முன்பு இருந்தது, இப்போது இல்லை. அவ்வளவுதான் அது சொல்லும்.

எங்கள் லயத்தில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரு பெரியவர் இருந்தார், பழைய கங்காணி. ஆள் கட்டி வேலை வாங்கும் அந்த முறையே போய்விட்டது, அவர் மட்டும் காலையில் வெளித் திண்ணையில் கம்பளி போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிள்ளைகளிடம் அவரைத்தான் காட்டுவேன். அவர் எர்ஸ்ட்வைல் கங்காணி. ஆள் இருக்கிறார், கங்காணி வேலை இல்லை. ஆள் இறந்துவிட்டார் என்று சொல்ல ஆங்கிலத்தில் 'லேட்' என்று தனிச் சொல் இருக்கிறது. தமிழில் நாம் 'மறைந்த' என்றும் 'முன்னாள்' என்றும் பிரிப்பதைப் போல.

இப்போது உங்கள் பத்திரத்துக்கு வருகிறேன். 'எர்ஸ்ட்வைல் ஓனர்' என்றால் முன்பு உரிமையாளராக இருந்தவர். அந்த உரிமை எப்படிப் போனது என்பதை இந்தச் சொல் சொல்லாது. விற்றவரும் எர்ஸ்ட்வைல் ஓனர்தான், தானம் எழுதிக் கொடுத்தவரும் அப்படித்தான், இறந்தவரையும் அப்படிச் சொல்லலாம். இலக்கணப்படி பிழை இல்லை. ஆனால் நாளைக்கு வாசிக்கிற ஒருவர் 'இவர் முன்பே யாருக்கோ கொடுத்துவிட்டார் போல' என்று எடுத்துக்கொண்டால், இல்லை என்று அந்தச் சொல்லை வைத்து நிரூபிக்க முடியாது. தாத்தா பெயருக்கு முன்னால் 'லேட்' போட்டு, இறக்கும்வரை அவரே உரிமையாளர் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். மற்ற சட்ட விஷயங்களை வக்கீல்தான் சொல்ல வேண்டும்.

அந்த வாழ்த்து அட்டைக்காக மனம் வருந்துகிறீர்கள் என்று தெரிகிறது. டீச்சரிடம் நேரில் போய்ச் சொல்லிவிடுங்கள். வாத்தியார்களுக்கு இது புரியும்.

திருத்தணி பத்திர எழுத்தர்:

வாத்தியார் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன், எங்கள் பக்கம் தினமும் வரும் சிக்கல் இது. திருத்தணி 1960 ஏப்ரல் 1 வரைக்கும் ஆந்திராவில், சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. அந்தக் காலத்துத் தாய்ப்பத்திரத்தை எடுத்து எழுதும்போது புதிதாக வருகிற பையன்கள் 'எர்ஸ்ட்வைல் சித்தூர் டிஸ்ட்ரிக்ட்' என்று போட்டுவிடுவார்கள். சித்தூர் மாவட்டம் எங்கே போனது? இன்றைக்கும் இருக்கிறது. நாங்கள்தான் அதில் இல்லை. அங்கே 'ஃபார்மர்லி இன் சித்தூர் டிஸ்ட்ரிக்ட்' என்று எழுத வேண்டும், 'முன்பு சித்தூர் மாவட்டத்தில் இருந்த' என்று. எர்ஸ்ட்வைல் எந்தச் சொல்லுக்கு முன்னால் ஒட்டுகிறதோ அந்த ஒன்றுதான் இல்லாமல் போயிருக்க வேண்டும். 'எர்ஸ்ட்வைல் மெட்ராஸ் ஸ்டேட்' சரி, 1969-ல் அது தமிழ்நாடு ஆகிவிட்டது. அக்கா ஊருக்கும் 'எர்ஸ்ட்வைல் டிராவன்கூர்' சரி, 'எர்ஸ்ட்வைல் செங்கோட்டை' தப்பு.

வக்கீலிடம் வில்லங்கச் சான்றும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தாத்தா விற்கவில்லை என்பதற்கு அது பெரிய துணை.

செங்கோட்டைக்காரி:

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. வாத்தியார் ஐயா எழுதியதை அப்படியே தம்பிக்கு வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, 'தாத்தா விற்காத நிலத்தை ஒரு சொல் விற்றுவிடக் கூடாது' என்றான்.

இன்று காலை புனலூருக்குப் போனோம். வக்கீல் கோபப்படவில்லை. மாநிலத்துக்கு முன்னால் இருந்ததை அப்படியே வைத்துக்கொண்டு, தாத்தாவுக்கு முன்னால் இருந்ததைப் பேனாவால் அடித்து 'லேட்' என்று எழுதினார். கடைசிவரை அவர் உரிமையில் இருந்தது என்ற வரியும் சேர்த்தாயிற்று. வில்லங்கச் சான்றுக்கு மனு கொடுத்திருக்கிறோம்.

திங்கட்கிழமை பள்ளி திறந்ததும் டீச்சரைப் பார்க்கப் போகிறேன். புது அட்டை வாங்கியாயிற்று. இந்த முறை தமிழிலேயே எழுதியிருக்கிறேன்.