இங்கிலாந்தில் செவிலியர் படிப்பும் மருத்துவப் படிப்பும்: விண்ணப்பிக்கும் முன் பார்க்க வேண்டியவை

பணி விசாவில் இங்கிலாந்துக்கு வந்து, பிள்ளையை ஏ லெவல் என்னும் பள்ளி மேல்நிலைப் படிப்பில் சேர்த்திருக்கும் குடும்பங்கள் பலவும் ஒரே கேள்வியைக் கேட்கின்றன: செவிலியர் படிப்பில் இப்போது எளிதாக இடம் கிடைக்கிறதாமே, சேர்த்துவிடலாமா? சில ஆண்டுகளுக்கு முன்பிருந்த போட்டி இன்று இல்லை என்பது உண்மைதான். ஆனால் போட்டி ஏன் குறைந்தது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே முடிவெடுங்கள்.

2017 ஆகஸ்டு வரை இங்கிலாந்தில் செவிலியர் படிப்பில் சேர்ந்தவர்கள் கல்விக் கட்டணம் கட்டவில்லை, என்.எச்.எஸ். என்னும் அரசு மருத்துவச் சேவையின் உதவித்தொகையும் பெற்றார்கள். அரசு அதை நிறுத்திக் கல்விக் கடன் முறைக்கு மாற்றியதும் விண்ணப்பங்கள் குறைந்தன. குறிப்பாக, குடும்பம் பிள்ளைகள் என்று ஆன பிறகு படிக்க வருபவர்கள் பின்வாங்கினார்கள். 2020 செப்டம்பரிலிருந்து, திருப்பிச் செலுத்த வேண்டாத மானியமாக ஆண்டுக்கு 5,000 பவுண்டு தரப்பட்டது. அதனுடன் கொரோனா காலத்தில் செவிலியர்மீது எழுந்த மதிப்பும் சேர்ந்துகொள்ள, 2021 ஜனவரியில் பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யூகாஸ் வழியாக இப்படிப்புக்கு விண்ணப்பித்தவர்கள் 32 விழுக்காடு கூடி, 60,000 பேரைத் தாண்டினார்கள். பின்வந்த ஆண்டுகளில் அந்த எண்ணிக்கை சரிந்தது. வீட்டு வாடகையும் விலைவாசியும் ஏறியதும், 2022 டிசம்பரில் செவிலியர்களே ஊதியத்துக்காக வேலைநிறுத்தம் செய்யும் நிலை வந்ததும், படிக்க நினைத்தவர்களைத் தயங்க வைத்தன என்றே நான் கருதுகிறேன்.

படிப்பின் அமைப்பும் ஒரு காரணம். பதிவுபெற்ற செவிலியராவதற்கு 4,600 மணி நேரப் பயிற்சி தேவை. அதில் பாதி மருத்துவமனையிலும் சமூக மருத்துவ நிலையங்களிலும் நோயாளிகளிடையே செய்ய வேண்டியது. இரவுப் பணியும் வார இறுதிப் பணியும் அதில் அடங்கும், ஊதியம் கிடையாது. மற்ற மாணவர்களைப் போல மாலையில் கடையில் பகுதி நேர வேலை பார்த்துச் செலவைச் சமாளிப்பது இவர்களுக்கு அவ்வளவு எளிதில்லை. மனைவியோ கணவரோ இப்படிப்பில் சேர எண்ணினால், குழந்தைகளை யார் பார்த்துக்கொள்வது என்பதை முதலில் வீட்டில் பேசி முடிவுசெய்யுங்கள்.

நம் குடும்பங்கள் பெரும்பாலும் இடறி விழுவது கட்டண நிலையில்தான், அதாவது பிள்ளை உள்நாட்டு மாணவரா வெளிநாட்டு மாணவரா என்பதில்தான். உள்நாட்டு மாணவருக்கு 2025-26இல் ஆண்டுக் கட்டணம் 9,535 பவுண்டாக இருந்தது. அதற்கு அரசுக் கடனும் பெறலாம். பொதுவாக உள்நாட்டு மாணவராகக் கருதப்பட நிரந்தரமாக வசிக்கும் அனுமதியோ பிரிட்டிஷ் குடியுரிமையோ இருக்க வேண்டும். படிப்பு தொடங்கும் முன் மூன்று ஆண்டுகள் இங்கேயே வாழ்ந்திருக்கவும் வேண்டும். பெற்றோரின் பணி விசாவில் சார்புதாரராக மட்டும் இருக்கும் பிள்ளை, இங்குள்ள பள்ளியிலேயே படித்திருந்தாலும், பெரும்பாலும் வெளிநாட்டு மாணவராகவே கணக்கிடப்படுகிறது. பிரிட்டிஷ் கடவுச்சீட்டு இருந்தும் சென்னையில் வளர்ந்து அண்மையில் வந்த பிள்ளைக்கும் அந்த மூன்றாண்டு நிபந்தனை தடையாகலாம். அகதி நிலை வழங்கப்பட்டவர்களுக்கு இந்த நிபந்தனை பொருந்தாது; இதை அறியாமல் ஈழத்திலிருந்து வந்த சிலர் விண்ணப்பிக்காமலே இருந்துவிடுவது எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. மேற்சொன்ன 5,000 பவுண்டு மானியமும் அரசுக் கல்வி நிதிக்குத் தகுதி உள்ளவர்களுக்கே கிடைக்கும். ஆகவே, எந்தப் படிப்பு என்று யோசிப்பதற்கு முன்பே பல்கலைக்கழகத்தின் கட்டண மதிப்பீட்டுப் பிரிவுக்கு விசா ஆவணங்களை அனுப்பி, எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள்.

இடம் எளிதாகக் கிடைப்பதால் வேலையும் எளிதாகக் கிடைக்கும் என்று எண்ண வேண்டாம். 2025இல் படித்து முடித்த புதிய செவிலியர்கள் பலர் முதல் பணியிடம் கிடைக்காமல் தவித்தார்கள். அந்த ஆகஸ்டில் பட்டதாரிச் செவிலியர்களுக்கும் மகப்பேறு செவிலியர்களுக்கும் வேலைக்கு உறுதி தரும் திட்டத்தை அரசு அறிவிக்க வேண்டியதாயிற்று. பல்கலைக்கழகத்தைப் பார்க்கப் போகும்போது, சென்ற ஆண்டு முடித்தவர்களில் எத்தனை பேர் பயிற்சி பெற்ற மருத்துவமனையிலேயே சேர்ந்தார்கள் என்று நேராகக் கேளுங்கள்.

மருத்துவப் படிப்பு நம்மவர்களின் பெருங்கனவு. அங்கே இடங்களுக்கு அரசே வரம்பு வைத்திருப்பதால் போட்டி கடுமையாகவே இருக்கிறது. யூகேட் என்னும் மருத்துவ நுழைவுத் தேர்வு, அக்டோபர் 15 என்ற முன்கூட்டிய கெடு, நேர்காணல் எல்லாம் உண்டு. வெளிநாட்டு மாணவருக்கு ஆண்டுக் கட்டணம் 40,000 பவுண்டைத் தாண்டுவதும் உண்டு. பட்டம் பெற்ற பிறகும் நெருக்கடி தீர்வதில்லை: 2025இல் சிறப்பு மருத்துவராவதற்கான பயிற்சியில் சுமார் 10,000 இடங்களுக்கு 30,000க்கும் மேற்பட்ட மருத்துவர்கள் விண்ணப்பித்தார்கள்.

தமிழ்நாட்டிலோ இலங்கையிலோ செவிலியர் படிப்பை முடித்துவிட்டு வந்தவர்கள் மீண்டும் பட்டப் படிப்பில் பணம் போடுவதற்கு முன், செவிலியர்களைப் பதிவுசெய்யும் அமைப்பான என்.எம்.சி.யின் பதிவு வழியைப் பாருங்கள். ஆங்கிலத் தேர்வு, கணினி வழித் தேர்வு, ஆஸ்கி என்னும் செய்முறைத் தேர்வு ஆகியவற்றில் தேறினால் பதிவு பெற முடியும். நிரந்தர அனுமதியும் மூன்றாண்டு வசிப்பும் உள்ள மற்றவர்கள், ஊதியம் பெற்றுக்கொண்டே படிக்கும் செவிலியர் பட்டத் தொழிற்பயிற்சி அருகிலுள்ள மருத்துவமனைகளை நடத்தும் என்.எச்.எஸ். அமைப்புகளில் (டிரஸ்ட்) இருக்கிறதா என்று விசாரியுங்கள். அந்த இடங்களுக்கு யூகாஸ் வழியாக விண்ணப்பிப்பதில்லை. அவை வேலைவாய்ப்பு விளம்பரமாகவே வரும்.