வாகனம் இல்லாமல் கரிப்பட்டமுறிப்புப் பக்கம் இருக்கலாமோ?

குளக்கட்டு ஒழுங்கை

வாற மாதம் கரிப்பட்டமுறிப்புப் பக்கம் குடிபோறம். வீடு ஏ-34 (மாங்குளம் - முல்லைத்தீவு) வீதியிலயிருந்து 5 கிலோமீற்றர் தெற்கால உள்ளுக்கை, முழுக்கக் கிறவல் ரோட்டு. வேலை மாங்குளத்தில. மோட்டார் சைக்கிள் இல்லை, எனக்கு ஓடவும் தெரியாது. 6 வயசுப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில விட்டிட்டுத்தான் பஸ் எடுக்கவேணும். சைக்கிளையும் பஸ்ஸையும் மட்டும் நம்பிச் சமாளிக்கலாமோ? எந்தச் சைக்கிள் நல்லம்? அரிசி, காஸ் எல்லாம் எப்பிடிக் கொண்டுவாறது? மாரிக்கு என்ன செய்யிறது?

பழஞ்சில்லு

தங்கச்சி, மாங்குளம் முல்லைத்தீவு றோட்டில பஸ் ஓடுது. அந்த 5 கிலோமீற்றர்தான் உங்கட பிரச்சினை. கிறவலில மணிக்கு 10 கிலோமீற்றருக்கு மேல கணக்குப் பிடிக்காதேங்கோ. அப்ப 30 நிமிசம். அதோட காத்துப் போனால் ஒட்டுப் போட 20 நிமிசம் கையில வைச்சுத்தான் வெளிக்கிடவேணும். வீடு தெற்கால எண்டபடியால் வைகாசி தொடக்கம் புரட்டாதி வரைக்கும் பின்னேரம் வீட்டை திரும்பேக்க சோழகக் காத்து முகத்தில அடிக்கும், அந்த நேரம் 40 நிமிசம்.

சைக்கிள் லேடீஸ் 26 காணும். ஆனால் 26 எண்டு சொல்லிக்கொண்டு கடைக்குப் போய் ரயர் கேக்காதேங்கோ. 26 × 1 3/8 வேற, 26 × 1.95 வேற, ஒண்டு மற்றதின்ர றிம்மில ஏறாது. ரயரின்ர பக்கத்தில சின்னனா அடிச்சிருக்கிற நம்பரைப் பாருங்கோ: முதலாவதுக்கு 37-590, ரெண்டாவதுக்கு 50-559 மாதிரி இருக்கும். கடைசி மூண்டு இலக்கம் ஒத்துவரவேணும், முன்னுக்கு இருக்கிறது அகலம் மட்டும்தான். பெரிய ஆம்பிளைச் சைக்கிளின்ர 28 × 1 1/2 க்கு அது 635.

புதுசு வாங்க முதல் அயலுக்கை விசாரியுங்கோ. 2022 பெற்றோல் வரிசைக் காலத்தில வாங்கின கனக்கச் சைக்கிள் இப்ப சுவரில சாத்தினபடி கிடக்கு. பார்க்கவேண்டியது: சில்லைத் தூக்கிச் சுத்தினால் றிம் பிறேக் கட்டையில ஒரு பக்கம் மட்டும் உரசுதோ, பெடலை மிதிக்கேக்க ஒவ்வொரு சுத்துக்கும் ஒருக்கா 'டக்' எண்டு சத்தம் வருதோ. சத்தம் வந்தால் கொட்டர் பின் (பெடல் தண்டை அச்சோட இறுக்கிற ஆணி) தளர்ந்திட்டுது. நட்டை மட்டும் இறுக்கினால் புரி போயிடும். முதல் பின்னை மரக்கட்டை வைச்சுத் தட்டி இறக்கி, பேந்து நட்டை இறுக்கவேணும்.

நெருஞ்சி

26 × 1.95 மவுண்டன் சைக்கிள்தான் கிறவலுக்குச் சரி எண்டு நான் சொல்லுவன், அகல ரயர் புழுதி மண்ணுக்குள்ள புதையாது. ஆனால் முன் சொக் வைச்ச மலிவுச் சைக்கிள் வேண்டாம். பாரமும் கூட, ஒரு மாரிக்குள்ள துருப்பிடிச்சு இறுகிப்போம்.

எதை வாங்கினாலும் ஒட்டு வேலை தெரிஞ்சிருக்கவேணும். ரியூப்பைத் தண்ணிக்குள்ள அமத்திக் குமிழி வாற இடத்தைப் பேனையால வட்டம் போடுங்கோ. ஈரத்தைத் துடைச்சு, மண்தாளால மினுமினுப்புப் போகும் வரைக்கும் உரஞ்சி, சொலூசனை ஒட்டை விட அகலமாப் பூசுங்கோ. உடன ஒட்டினால் வெயிலில கழண்டிடும், ஒட்டுக் கழளுறது முக்காவாசி இந்த அவசரத்தாலதான். 5 நிமிசம் விட்டு, விரலில பிசுபிசுக்காத பதத்தில வைச்சு நடுவிலயிருந்து வெளிப்பக்கமா அமத்துங்கோ. ரியூப்பைத் திரும்பப் போட முதல் ரயரின்ர உள்பக்கத்தைத் துணியால ஒரு சுத்துத் தடவுங்கோ. முள்ளு ரயரிலயே நிக்கும், எடுக்காமல் போட்டால் 1 கிலோமீற்றரில திரும்ப ஓட்டை.

ரயர் முழுக்கக் காஞ்சு வெடிச்சுக் கிடந்தால் ஒட்டிப் பிரயோசனம் இல்லை, மாத்துங்கோ.

குளக்கட்டு ஒழுங்கை

நன்றி அண்ணை. இரவல் சைக்கிள் ஒண்டில விடியக் காத்தடிச்சால் பின்னேரம் போயிடுது. தண்ணிக்குள்ள பிடிச்சால் குமிழி ஒண்டும் இல்லை. ஏன்?

நெருஞ்சி

வால்கட்டையை, அதுதான் காத்தடிக்கிற வாயைப் பாருங்கோ. அதில ஒரு துளி தண்ணி விட்டால் மெல்லமாக் குமிழி வரும். உள்ளுக்கை இருக்கிற வால் ரியூப் எண்ட மெல்லிய இறப்பர் வெயிலுக்குப் பிசுபிசுத்துப் போயிருக்கும். புதுத் துண்டை எச்சில் தொட்டு, ஊசியில இருக்கிற துளை முழுக்க மூடும் வரைக்கும் ஏத்துங்கோ. எண்ணெய் தொடாதேங்கோ, அது இறப்பரைக் கெடுக்கும். விலை ஒண்டுமில்லாத சாமான், நாலைஞ்சு வாங்கி வைச்சிருங்கோ.

வயல்வெளி அக்கா

சில்லுக் கதை போதும், பிள்ளைக்கு வருவம். சைக்கிளில பிள்ளை ஏத்துறதில நடக்கிற பெரிய காயம் விழுந்து வாறதில்லை, குதிக்கால் பின் சில்லுக் கம்பிக்குள்ள போய் வாறது. 6 வயசுக் கால் சரியா கம்பி உயரத்துக்குத் தொங்கும். ரெண்டு வேலை செய்யுங்கோ. பின் அச்சில ரெண்டு பக்கமும் கால் மிதிக்கிற கட்டை பூட்டுங்கோ. பின் சில்லின்ர மேல்பாதிக்கு, மட்காட்டிலயிருந்து அச்சு வரைக்கும், பாவாடை சிக்காமல் போடுற வலை மாதிரி ஒண்டு கட்டுங்கோ. பிள்ளைக்குச் செருப்பு வேண்டாம், சப்பாத்து. கரியரில தடிச்ச சாக்கை நாலா மடிச்சுக் கட்டினால் கிறவலில குலுங்காது.

அரிசி 50 கிலோ மூட்டையைக் கரியரில ஏத்தினால் முன் சில்லு மண்ணில நிக்காது, வளைவில ஹாண்டில் கேக்காது. 25 கிலோவா ரெண்டு தரம் எடுங்கோ. கயிறு தளரும். பழைய ரியூப்பை ரெண்டு விரல் அகலத்தில வாரா வெட்டி இழுத்துக் கட்டினால் அசையாது. பாரத்தோட உருக்கு றிம் நனைஞ்சால் பிறேக் பிடிக்காது, இறக்கம் வர முன்னமே மெல்லமா அமத்தி ஈரத்தை வழிச்சுக்கொண்டு போங்கோ.

காஸ் சிலிண்டர் சைக்கிளுக்கு வேண்டாம். 12.5 கிலோ காஸ் எண்டாலும் இரும்போட 25 கிலோவுக்கு மேல, அதோட நிமிர்த்தித்தான் கொண்டுவரவேணும். அயலில லாண்ட்மாஸ்ரர் (ரெண்டு சில்லு உழவு மெசின்) பெட்டி ரவுணுக்குப் போற நாளைக் கேட்டு வைச்சு அதில விடுங்கோ. வெறும் சிலிண்டரைக் காலமை ஏத்திவிட்டால் பின்னேரம் நிறைஞ்சது வரும். எண்ணெய்க்குப் பங்கு குடுங்கோ, சும்மா கேட்டால் மூண்டாந்தரம் ஆள் மாட்டார்.

சந்தியில சைக்கிளைத் தெரிஞ்ச கடையோட சாத்திப் பூட்டுங்கோ. முன் சில்லை மட்டும் பூட்டினால் அதை விட்டிட்டு மிச்சத்தைக் கொண்டுபோவினம். சங்கிலி பின் சில்லுக்காலயும் தண்டுக்காலயும் போகவேணும்.

ஏ-9 இல போற தூரத்துப் பஸ்ஸில ஏறினால் கிட்டத்தில இறங்கினாலும் முழுக் காசு கேக்கினம். கிளிநொச்சி, வவுனியா எண்டால் மாங்குளத்தில குறுந்தூர பஸ் அல்லது றெயில் பாருங்கோ. எல்லா றெயிலும் மாங்குளத்தில நிக்காது, ஸ்ரேசனில கேட்டு எழுதி வைச்சிருங்கோ. முல்லைத்தீவு பெரியாஸ்பத்திரிக்கு எண்டால் ரவுணுக்குப் போகாதேங்கோ, அது மாஞ்சோலையில, முள்ளியவளைப் பக்கம். முன்னமே கொண்டக்ரரிட்டைச் சொல்லி இறங்குங்கோ.

பழஞ்சில்லு

மாரிக்கு ரெண்டு விசயம். களி மண் மட்காட்டுக்கும் ரயருக்கும் இடையில அடைஞ்சு சில்லே சுத்தாது. ஐப்பசிக்கு முன்னமே மட்காட் கம்பியைத் தளர்த்தி ரெண்டு விரல் இடைவெளி விடுங்கோ, ஒரு தடி கரியரில செருகியிருக்கட்டும், தோண்டி எடுக்க. மதகுக்கு மேலால தண்ணி பாய்ஞ்சால், ரெண்டு பக்கக் கல்லும் தெரியாட்டி இறங்கவே வேண்டாம்.

அச்சு மூழ்கும் அளவு தண்ணியால போனால் கிறீஸ் கழுவிப் போயிடும், ரெண்டு கிழமையில கரகரக்கும். கோனை (அச்சில குண்டை இறுக்கிப் பிடிக்கிற புரிக்கட்டை) கழட்டி மண்ணெண்ணெயில கழுவிப் புதுக் கிறீஸ் போடுங்கோ. கழட்டேக்க உள்ளுக்கை உருளுற இரும்புக் குண்டை எண்ணுங்கோ: முன் சில்லுக்குப் பக்கத்துக்கு 3/16 அங்குலத்தில 10, பின்னுக்கு 1/4 அங்குலத்தில 9. ஒண்டு குறைஞ்சால் மிச்சம் உருண்டு கோனைத் திண்டிடும்.

பின்னேரம் கடைசிப் பஸ்ஸை நம்பாதேங்கோ, அதுக்கு முந்தினதுக்கு வாங்கோ. அந்தப் பக்கம் பொழுதுபட்டால் யானை. லைற் அடிச்சு விரட்டலாம் எண்டு நினைக்கவேண்டாம், சந்தியிலயே நிண்டு ஓட்டோ பிடியுங்கோ. ரெண்டு ஓட்டோக்காரரின்ர நம்பரும், காசும் முன்னமே பேசி வைச்சிருக்கவேணும். அவசர வருத்தத்துக்கு 1990, அம்புலன்ஸ் இலவசம். உள் ஒழுங்கைக்குப் பேர்ப்பலகை இராது, அதால 'ஏ-34 இல எந்தச் சந்தி, எந்தப் பக்கம் திரும்பிறது, எத்தினையாவது மதகு, பக்கத்தில என்ன கோயில்' எண்டு ஒரு துண்டில எழுதிச் சுவரில ஒட்டுங்கோ. பதட்டத்தில பிள்ளையும் அதைப் பார்த்து வாசிக்கலாம்.