இனாரி சுஷி: அபுராகே பிரிக்கும்போதே கிழிந்துவிடுகிறது, உதவுங்கள்

கேட்டவர்: ஓசாகா அம்மா
வணக்கம். அடுத்த வெள்ளிக்கிழமை மகளுக்குப் பள்ளியில் என்சோகு (பள்ளிச் சுற்றுலா). தோழிகளைப் போலத் தானும் பெந்தோவில் (சாப்பாட்டு டப்பா) இனாரி சுஷி கொண்டுபோக வேண்டும் என்று கேட்கிறாள். அபுராகே என்ற பொரித்த மெல்லிய தோஃபுவைப் பை போலப் பிரித்து, சுவையேற்றி, உள்ளே சோறு நிரப்புவதுதான் அது. நாங்கள் மீன் சாப்பிட மாட்டோம். சுவையேற்றி விற்கும் பைகளில் நான் பார்த்தவற்றில் எல்லாம் கட்சுவோ மீன் சாறு இருந்தது. அதனால் வெறும் அபுராகே வாங்கி நானே செய்து பார்த்தேன். ஐந்தில் மூன்று, பிரிக்கும்போதே கிழிந்துவிட்டன. மிச்சத்தை வேகவைத்தால் எண்ணெய் மேலே மிதந்தது, உள்ளே சுவை ஏறவில்லை. வீட்டிலிருந்த பொன்னி அரிசியை வைத்து நிரப்பி, இரவு ஃபிரிட்ஜில் வைத்தேன். காலையில் சோறு விறைத்து, உதிரி உதிரியாகக் கொட்டியது. எங்கே தவறு?

பதில்: கோபே வாசகி
பிரிக்கும் முன் ஒரு வேலை இருக்கிறது. அபுராகேயைப் பலகையில் வைத்து, சாப்பிடும் குச்சியை அதன்மேல் அழுத்தி, சப்பாத்திக் கட்டை போல முன்னும் பின்னும் உருட்டுங்கள். மெல்லிய தோஃபுவை முதலில் மிதமான சூட்டில் உப்பவைத்து, பிறகு நல்ல சூட்டில் இன்னொரு முறை பொரிக்கிறார்கள். உள்ளே வெற்றிடம் வருவது அப்படித்தான். ஆறியதும் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும், உருட்டினால் விட்டுவிடும். பிறகு பாதியாக வெட்டி, வெட்டிய வாயில் கட்டைவிரலை விட்டு மெதுவாகப் பிரியுங்கள்.

அடுத்து, கொதிக்கும் தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டு எடுத்துப் பிழியுங்கள். நீங்கள் விட்டது இதைத்தான். எண்ணெய் போனால்தான் சாறு உள்ளே இறங்கும். வாங்கும்போது பாக்கெட்டையும் பாருங்கள் தோழி. அட்சுஆகே என்று இருந்தால் வேண்டாம். அது தடியானது, உள்ளே தோஃபு அப்படியே இருக்கும், பை ஆகாது.

பதில்: டோக்கியோ தம்பி
அக்கா, நானும் சைவம். கொம்புவையும் (காய்ந்த கடற்பாசி) காய்ந்த ஷீட்டாகே காளானையும் இரவே தண்ணீரில் ஊறவையுங்கள், அந்தத் தண்ணீரே நல்ல தாஷி (சமையல் சாறு). ஆறு அபுராகேக்கு, அதாவது 12 பைக்கு, தாஷி 300 மி.லி., சோயா சாஸ் 3 மேசைக்கரண்டி, சர்க்கரை 4, மிரின் (சமையலுக்கான இனிப்பு அரிசி மது) 2. சிறு தீயில் 15 நிமிடம் போதும். பாத்திரத்துக்குள் அடங்கும் அளவு அலுமினியத் தாளை வெட்டி, பைகளின் மேலேயே படுகிற மாதிரி மூடுங்கள். அடுப்பை அணைத்ததும் எடுத்துவிடாதீர்கள், சாற்றிலேயே ஆறட்டும். ஆறும்போதுதான் சுவை நன்றாக ஏறும்.

பொன்னி இதற்கு வேண்டாம். ஜப்பானிய அரிசி 2 கோ (360 மி.லி.) சமைத்து, சூடாக இருக்கும்போதே வினிகர் 4 மேசைக்கரண்டி, சர்க்கரை 2, உப்பு 1 தேக்கரண்டி கலந்து ஊற்றி, அகப்பையால் வெட்டுவது போலக் கிளறுங்கள். குழைக்கக் கூடாது. ஃபிரிட்ஜ் குளிரில் எந்தச் சோறும் விறைக்கும், பொன்னி இன்னும் சீக்கிரம். அதனால் பைகளை மட்டும் முந்தைய நாளே செய்து ஃபிரிட்ஜில் வையுங்கள். சோறு காலையில்தான்.

கேட்டவர்: ஓசாகா அம்மா
இன்று ஒத்திகை பார்த்தேன். 12-இல் 11 கிழியாமல் வந்தன! மகள் நின்றபடியே மூன்று சாப்பிட்டாள். மிக்க நன்றி தோழி, தம்பி. ஆனால் டப்பாவின் அடியில் சாறு தேங்குகிறது. அப்புறம், அவள் தோழிகளுடையது முக்கோணமாக இருக்குமாம்.

பதில்: கோபே வாசகி
நிரப்பும் முன் பையை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து அழுத்துங்கள், முறுக்கிப் பிழிந்தால் வறண்டுவிடும். சோற்றை 40 கிராம் உருண்டையாக, இறுக்காமல் பிடித்து உள்ளே தள்ளுங்கள். முற்றிலும் ஆறிய பிறகு டப்பாவை மூடுங்கள்.

முக்கோணம் ஓசாகா, கோபே இருக்கும் நம் கான்சாய் பக்கத்து வழக்கம், டோக்கியோ பக்கம் நீளமாகச் செய்வார்கள். சதுர அபுராகே வாங்கி மூலைக்கு மூலை வெட்டினால் போதும். அது நரியின் காது என்பார்கள். கியோத்தோவின் ஃபுஷிமி இனாரி கோயிலில் நரிச் சிலைகளைப் பார்த்திருப்பீர்களே, நரி இனாரி தெய்வத்தின் தூதர். அந்த நரிக்கு அபுராகே பிடிக்கும் என்பதால்தான் இந்தச் சுஷிக்கே அந்தப் பெயர் என்பார்கள். இந்தப் பக்கம் சோற்றிலும் பொடியாக நறுக்கிய கேரட், கோபோ (ஒரு வகைக் கிழங்கு வேர்), ஷீட்டாகே சேர்ப்பார்கள். தாஷிக்கு ஊறவைத்த ஷீட்டாகேவைத் தூக்கிப் போடாமல், பை வேகும் சாற்றிலேயே போட்டு எடுத்து நறுக்கிக் கலந்துவிடுங்கள்.